நற்பண்பும் நல்வாழ்வும்: பண்டைய கிரேக்கச் சிந்தனை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கர்கள் மகிழ்ச்சி என்று எதைச் சொன்னார்கள்?

அவர்கள் பயன்படுத்திய சொல் யூடைமோனியா. ஒருவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து கடைசிவரை எடுத்துப் பார்த்தால் அது நன்றாக அமைந்த வாழ்க்கைதானா என்ற கேள்விக்கு விடையாக அவர்கள் அச்சொல்லை வைத்தார்கள். ஒரு மாலைப்பொழுதில் வந்துபோகும் உவகைக்கு அவர்களிடம் வேறு சொற்கள் இருந்தன. அதனால் இங்கே பெரும்பாலும் "நல்வாழ்வு" என்றே எழுதப்பட்டிருக்கிறது.

ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் முதல் நூலில் சொல்லும் கதை இதற்கு நல்ல வாயில். லிடியாவின் அரசன் குரோசஸ், தன் கருவூலங்களை எல்லாம் காட்டச் செய்துவிட்டு, ஏதென்ஸிலிருந்து வந்திருந்த சட்டமியற்றுநர் சோலோனிடம், அவர் கண்டவர்களிலேயே மிகுந்த நல்வாழ்வு பெற்றவர் யார் என்று கேட்கிறான். தன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தவனுக்குத் தெல்லஸ் என்ற ஏதென்ஸ் குடிமகனின் பெயர் கிடைக்கிறது: செழிப்பான நகரத்தில் வாழ்ந்தவர், நல்ல மக்களைப் பெற்றவர், பேரப்பிள்ளைகள் எல்லோரும் உயிரோடிருக்கக் கண்டவர், நகருக்காகப் போரிட்டு மடிந்து, விழுந்த இடத்திலேயே பொதுச்செலவில் அடக்கம் செய்யப்பட்டவர். இரண்டாவது இடம் ஆர்கோஸ் நகரத்துச் சகோதரர்கள் கிளியோபிஸுக்கும் பிட்டோனுக்கும். வயலிலிருந்து எருதுகள் வந்து சேராததால் தாங்களே நுகத்தடியை ஏற்றுத் தாயின் வண்டியை 45 ஸ்டேடியா தொலைவு, அதாவது ஏறத்தாழ 8 கி.மீ., ஹீரா தேவியின் கோயில்வரை இழுத்துச் சென்ற அந்த இளைஞர்கள், மனிதருக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்ததைத் தன் பிள்ளைகளுக்குத் தரும்படி தாய் வேண்டிக்கொண்டபின் கோயிலிலேயே படுத்து உறங்கினார்கள். பிறகு எழவே இல்லை. கோபம் கொண்ட குரோசஸிடம், எழுபது ஆண்டு வாழ்க்கை என்பது 26,250 நாட்கள், அவற்றில் ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில்லை, ஆகவே முடிவைப் பார்க்காமல் ஒருவரைப் பேறுபெற்றவர் என்று சொல்லிவிட முடியாது என்கிறார் சோலோன். குரோசஸ் பின்னர் மகனையும் இழந்தான், நாட்டையும் பாரசீக மன்னன் சைரஸிடம் இழந்தான்.

இருவருடைய காலத்தையும் ஒப்பிட்டால் இப்படி ஒரு சந்திப்பு நடந்திருப்பது கடினம் என்று பழங்காலத்திலேயே சொன்னவர்கள் உண்டு. நடந்ததோ இல்லையோ, நல்வாழ்வு என்பது நம் கையில் இருக்கிறதா, ஊழின் கையில் இருக்கிறதா என்ற வழக்கைத் தொடங்கிவைத்தது இந்தக் கதைதான். பின்னால் வந்த தத்துவப் பள்ளிகளை வேறுபடுத்திப் பார்க்க, இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

நல்லவராக இருப்பதற்கும் நன்றாக வாழ்வதற்கும் என்ன தொடர்பு? தீயவர்கள்தானே செழிப்பாக இருக்கிறார்கள்?

இதே கேள்வியைச் சாக்ரடீஸிடம் நேருக்கு நேர் கேட்டவன் போலஸ் என்ற இளம் சொற்பொழிவாளன். பிளேட்டோவின் "கோர்கியாஸ்" உரையாடலில் அவன் எடுத்துக்காட்டுவது மாசிடோனியாவை ஆண்ட ஆர்கெலாஸை. அரியணைக்கு உரிமையில்லாத ஆர்கெலாஸ், தன் பெரிய தந்தையையும் அவர் மகனையும் விருந்துக்கு அழைத்துக் குடிக்கவைத்து, இரவோடிரவாக வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றான். முறைப்படி ஆட்சிக்கு வரவேண்டிய ஏழு வயதுத் தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு, வாத்தைத் துரத்திக்கொண்டு ஓடிப்போய் விழுந்துவிட்டான் என்று அந்தச் சிறுவனின் தாயிடமே சொன்னான். இவனைப்போல் வாழ ஆசைப்படாதவர் ஏதென்ஸில் யார் என்று போலஸ் எகத்தாளமாகக் கேட்கிறான்.

சாக்ரடீஸின் விடை இரண்டு படிகளைக் கொண்டது. அநீதி இழைப்பது அதற்கு ஆளாவதைவிடக் கேடானது என்பது முதல் படி. அநீதி இழைத்துவிட்டுத் தண்டனையிலிருந்து தப்புவதுதான் எல்லாவற்றிலும் கேடானது என்பது இரண்டாவது. தண்டனை உயிரின் நோய்க்கு மருத்துவமாவதால், தப்பியவன் மருத்துவரிடமிருந்து ஒளிந்துகொண்டவன் ஆகிறான். போலஸ் ஊரையே தனக்குச் சாட்சியாக அழைக்க, ஊர் முழுவதும் எதிராகச் சொல்லட்டும், எனக்கு வேண்டிய சாட்சி நீ ஒருவன்தான் என்கிறார் சாக்ரடீஸ். வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் உறுதியானது என்று சொல்வதற்கில்லை. "வெட்கக்கேடானது" என்பதிலிருந்து "கேடானது" என்பதற்கு அவர் தாவும் இடத்தைப் பலர் குறை கூறியிருக்கிறார்கள். ஆயினும் இதைச் சொன்னவர் கி.மு. 399இல், இளைஞரைக் கெடுத்தார், நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை என்ற குற்றச்சாட்டுகளில் மரணதண்டனை பெற்று, தப்பிச்செல்ல வழியிருந்தும் போகாமல், ஏறத்தாழ 70 வயதில் நஞ்சருந்தினார் என்பது அந்த வாதத்துக்கு ஒரு கனத்தைத் தந்துவிட்டது.

இதன் அடியில் இன்னொரு கருத்தும் உண்டு. செல்வம், உடல்நலம், அழகு, அதிகாரம் ஆகியவை அறிவோடு கையாளப்பட்டால் மட்டுமே நன்மை தருகின்றன என்றும், அறிவில்லாதவனிடம் அவை சேர்ந்தால் கேடு செய்வதற்கு அவனுக்கு அதிக வசதி கிடைக்கிறது என்றும் "யூதிடெமஸ்" உரையாடலில் சாக்ரடீஸ் வாதிடுகிறார். ஆர்கெலாஸ் அதற்கு அச்சடித்த சான்று.

யாருமே பார்க்கமாட்டார்கள் என்றால் நேர்மையாக இருப்பதற்கு என்ன காரணம்?

பிளேட்டோவின் "குடியரசு" முழுவதும் இந்தக் கேள்விக்கான விடையாகவே எழுதப்பட்டது என்று சொல்லலாம். அதில் பிளேட்டோவின் சகோதரன் கிளவ்கோன் ஒரு மோதிரக் கதையைச் சொல்கிறான். லிடியாவில் ஓர் இடையன் நிலநடுக்கத்தில் பிளந்த நிலத்துக்குள் இறங்கி, வெண்கலக் குதிரைக்குள் கிடந்த பிணத்தின் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றி வருகிறான். மோதிரத்தின் முகப்பை உள்ளங்கைப் பக்கமாகத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதைக்கொண்டு அரசியைத் தன்வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடிக்கிறான். கிளவ்கோன் இதோடு விடுவதில்லை. அநீதியே உருவான ஒருவனுக்கு நேர்மையாளன் என்ற புகழையும், உண்மையான நேர்மையாளனுக்கு அயோக்கியன் என்ற பழியையும் கொடுத்து, பின்னவனைச் சாட்டையால் அடித்து, கண்களைச் சுட்டு, கழுவில் ஏற்றிய பிறகும் அவன் வாழ்க்கையே மேலானது என்று காட்ட முடியுமா என்று கேட்கிறான்.

பிளேட்டோவின் விடை உயிரின் அமைப்பைப் பற்றியது. அறிவு, மானவுணர்வு, ஆசை என்ற மூன்று பகுதிகளும் தத்தம் வேலையைச் செய்து, அறிவு மற்ற இரண்டையும் வழிநடத்தும்போது மனிதன் ஒருவனாக இருக்கிறான். ஆசை ஆட்சிக்கு வந்துவிட்டால் தனக்குள்ளேயே கலகம் நடக்கும் நகரமாகிவிடுகிறான். ஒன்பதாம் நூலில் கொடுங்கோலனை அவர் வருணிக்கும் பக்கங்கள் மிகவும் கூர்மையானவை: எல்லோரையும் அடக்கி ஆள்பவன், வீட்டைவிட்டு வெளியே போகக்கூட அஞ்சி, தன் அடிமைகளையே கெஞ்சிப் பிழைக்கிறான். அரசனின் வாழ்க்கை கொடுங்கோலனுடையதைவிட 729 மடங்கு இனிமையானது என்று அங்கே ஒரு கணக்கும் வருகிறது. ஒன்பதை மும்முறை பெருக்கி வந்த எண் அது. பிளேட்டோ இதைச் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருக்க வேண்டும்.

பின்னாளில், இன்பமே வாழ்வின் இலக்கு என்ற எபிகூரஸ் இதே கேள்விக்குச் சுருக்கமாக வேறொரு விடை தந்தார்: களவாகத் தவறு செய்தவன் பத்தாயிரம் முறை தப்பியிருந்தாலும், சாகும்வரை இனியும் தப்புவோம் என்ற உறுதி அவனுக்குக் கிடைக்காது. மாய மோதிரம் போட்டவனை இந்த விடை தொடாது என்பது வெளிப்படை. மோதிரம் இல்லாத நமக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

நற்பண்புகள் எத்தனை?

அறிவு, வீரம், தன்னடக்கம், நீதி என்ற நான்கையும் "குடியரசு" முதன்மையாக வைக்கிறது. பின்னாளில் ஜீனோ தொடங்கிய பள்ளியைச் சேர்ந்த ஸ்டோயிக்குகளும் இந்த நான்கையே பின்பற்றினார்கள். இவை அனைத்தும் நன்மை தீமை பற்றிய ஒரே அறிவின் பல முகங்கள் என்பது சாக்ரடீஸின் சாய்வு. அரிஸ்டாட்டில் தாராளம், சாந்தம், நகைச்சுவையுணர்வு என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போகிறார்.

அரிஸ்டாட்டில் சொன்ன "நடு" என்பது எதிலும் மிதமாக இருப்பதுதானே?

அப்படிப் படிப்பவர்கள் மிகுதி. அரிஸ்டாட்டில் அப்படிச் சொல்லவில்லை. கோழைத்தனத்துக்கும் கண்மூடித் துணிவுக்கும் நடுவில் வீரம், கருமித்தனத்துக்கும் ஊதாரித்தனத்துக்கும் நடுவில் தாராளம் என்று அவர் வகுப்பது உண்மைதான். ஆனால் அந்த நடு, அளவுகோல் வைத்துக் கண்டுபிடிக்கும் மையப்புள்ளி ஆகாது. பத்து மினா (கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், இரண்டு மினா குறைவு என்றால் பயிற்சியாளர் எல்லோருக்கும் ஆறு மினா என்று எழுதிக்கொடுப்பதில்லை. புகழ்பெற்ற மல்லன் மைலோவுக்கு ஆறு போதாது, புதிதாகப் பயிற்சிக்கு வந்தவனுக்கு அது மிகை.

சினத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். கோபப்படுவது யாருக்கும் எளிது. உரிய ஆளிடம், உரிய அளவில், உரிய நேரத்தில், உரிய காரணத்துக்காக, உரிய முறையில் கோபப்படுவதுதான் அரிது என்கிறார் அவர். அநீதி கண்முன் நடக்கும்போது அரைக்கோபம் கொள்பவர் நடுவில் நிற்பவர் அல்லர். குறையின் பக்கம் நிற்பவர். கொலை, களவு, பிறர்மனை நயத்தல் போன்றவற்றுக்கு நடு என்று எதுவுமே கிடையாது என்பதையும் அவர் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

நடைமுறைக்கு அவர் தரும் அறிவுரை இது: நீங்கள் இயல்பாக எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் வேண்டுமென்றே இழுத்துக்கொள்ளுங்கள், கோணலான மரத்தை நிமிர்த்துபவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

நற்பண்பைக் கற்பிக்க முடியுமா?

பிளேட்டோவின் "மெனோன்" இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகிறது, உறுதியான விடையில்லாமல் முடிகிறது. நற்பண்பு ஒருவகை அறிவு என்றால் அதற்கு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். ஆனால் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் போன்ற பெரியவர்களாலேயே தங்கள் பிள்ளைகளைத் தங்களைப்போல் ஆக்க முடியவில்லையே என்பது சாக்ரடீஸ் அங்கே எழுப்பும் சங்கடம்.

அரிஸ்டாட்டில் கேள்வியின் போக்கையே மாற்றுகிறார். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவர் கொத்தனாராகிறார், யாழை வாசித்து வாசித்துத்தான் வாசிப்பவராகிறார். அதேபோல் நேர்மையான செயல்களைச் செய்து செய்துதான் நேர்மையாளராக முடியும். ஆகவே சிறுவயதுப் பழக்கத்துக்கு அவர் தரும் இடம் மிகப் பெரியது. பழக்கம் முற்றியதற்கு அடையாளம் என்ன என்றும் அவர் சொல்கிறார்: அச்செயலில் வரும் இன்பம். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பவர் இன்னும் தாராளமானவர் ஆகவில்லை. கடமைக்கும் விருப்பத்துக்கும் இடையே போராடி வெல்பவரை மெச்சும் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். அரிஸ்டாட்டிலுக்கு அந்தப் போராட்டமே பயிற்சி முடியவில்லை என்பதன் அறிகுறி.

தெரிந்தே தவறு செய்வது எப்படி என்ற சிக்கலும் இங்கேதான் வருகிறது. நல்லது எது என்று உண்மையாகவே அறிந்தவர் அதற்கு மாறாக நடக்கமாட்டார், தவறெல்லாம் அறியாமையே என்றார் சாக்ரடீஸ். இது கண்கூடான நடப்புக்கு முரணாக இருக்கிறது என்று அரிஸ்டாட்டில் முகத்துக்கு நேராகவே எழுதிவிட்டு, "நிகோமாக்கியன் அறவியல்" என்ற தம் படைப்பின் ஏழாம் நூலில் ஒரு விளக்கம் தேடுகிறார்: ஆசையின் பிடியில் இருப்பவருடைய அறிவு, குடிபோதையில் தத்துவக் கவிஞர் எம்பெடோக்ளிஸின் செய்யுட்களை ஒப்பிப்பவருடைய அறிவைப் போன்றது. வாய் சொல்கிறது, உள்ளே எதுவும் இறங்கியிருப்பதில்லை.

நல்லவர் ஒருவருக்குத் தாங்கமுடியாத துன்பம் நேர்ந்தால், அவர் வாழ்வு நல்வாழ்வுதானா?

இதுதான் நடுநாயகமான கேள்வி; அரிஸ்டாட்டில் இதில் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்ப்பது நல்லது.

நல்வாழ்வு என்பது நற்பண்புக்கு இசைய உயிர் செயற்படுவது, அதுவும் முழுமையான ஒரு வாழ்நாள் அளவுக்கு என்பது "நிகோமாக்கியன் அறவியல்" முதல் நூலில் அவர் வந்தடையும் முடிவு. ஒரு தகைவிலான் பறவை வந்ததும் வசந்தம் வந்துவிடாது; ஒரு நல்ல நாள் ஒருவரைப் பேறுபெற்றவர் ஆக்காது. இங்கே "செயற்படுவது" என்பதை அவர் அழுத்திச் சொல்கிறார். ஒலிம்பியாவில் மகுடம் அழகர்களுக்கும் வலியவர்களுக்கும் கிடைப்பதில்லை, களத்தில் இறங்கிப் போட்டியிடுபவர்களுக்கே கிடைக்கிறது. செயற்படுவது என்று ஆகிவிட்டால், அதற்குக் கருவிகளும் வேண்டும். பணமில்லாதவர் தாராளமாகக் கொடுக்க முடியாது. நண்பர்கள் இல்லாதவருக்குப் பல நற்செயல்கள் கைகூடா. மிகவும் அழகற்ற தோற்றம், இழிந்த பிறப்பு, தனிமை, பிள்ளையில்லாமை போன்றவையும் நல்வாழ்வைக் கறைப்படுத்தும் என்று அவர் எழுதியிருப்பது இன்று படிப்பவருக்கு உறுத்தும்.

இந்த இடத்தில்தான் டிராய் நகரத்து முதிய அரசர் பிரையாம் வருகிறார். நீண்டகாலம் செழித்து வாழ்ந்து, முதுமையில் பிள்ளைகளையும் நகரத்தையும் இழந்த பிரையாமைப் பேறுபெற்றவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் சோலோன் சொன்னதுபோல் இறக்கும்வரை காத்திருக்க வேண்டுமா? உயிரோடிருக்கும்போது பேறுபெற்றவர் அல்லர், செத்தபின் பேறுபெற்றவர் என்பது, நல்வாழ்வைச் செயல் என்று சொல்லிவிட்ட ஒருவருக்குக் கொஞ்சமும் பொருந்தாது. ஆகவே அவர் ஓர் இடைவழி தேடுகிறார். நற்பண்பைப்போல் நிலைத்து நிற்பது மனித வாழ்க்கையில் வேறெதுவும் இல்லை. அது உள்ளவர், தன்னிடமிருக்கும் படையை நல்ல தளபதி பயன்படுத்துவதுபோல, கிடைத்த தோலைக்கொண்டு நல்ல செருப்புத் தைப்பவர் வேலை செய்வதுபோல, வந்த சூழலிலிருந்து சிறந்ததைச் செய்வார். இழிந்ததைச் செய்யமாட்டார் என்பதால் அவர் ஒருபோதும் இழிநிலைக்குப் போய்விடுவதில்லை. ஆனால் பிரையாமுக்கு வந்ததுபோல் வந்துவிட்டால், பேறுபெற்றவர் என்றும் சொல்ல முடியாது.

அதாவது, நல்வாழ்வுக்கும் இழிவாழ்வுக்கும் நடுவே பெயரில்லாத ஒரு நிலம் இருப்பதாக அவர் ஒப்புக்கொள்கிறார். சித்திரவதைச் சக்கரத்தில் கட்டப்பட்டவனும் நல்லவனாக இருந்தால் பேறுபெற்றவனே என்பவர்கள் வெற்றுப்பேச்சுப் பேசுகிறார்கள் என்றும் ஏழாம் நூலில் எழுதுகிறார். அவருடைய மாணவர் தியோஃப்ராஸ்டஸ் இன்னும் ஒரு படி போனார். அலெக்சாந்தரின் படையோடு சென்று, அவருடைய சினத்துக்கு ஆளாகி மாண்ட நண்பர் காலிஸ்தினிஸின் நினைவாக எழுதிய நூலில், "வாழ்க்கையை ஆள்வது ஊழ், அறிவு அல்ல" என்ற வாக்கை அவர் மெச்சினார் என்றும், அதற்காக மற்றத் தத்துவப் பள்ளிகள் அவரை விடாமல் ஏசின என்றும் ரோமானிய எழுத்தாளர் சிசெரோ பதிந்திருக்கிறார். ஒரு தத்துவவாதி எழுதக்கூடாத வாக்கியம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நண்பனைப் பறிகொடுத்தவர் எழுதிய வாக்கியம் அது.

அரிஸ்டாட்டிலின் விடை ஒழுங்காக மடித்துவைக்கப்பட்ட விடையன்று. அதுவே அதன் பலம் என்பது இதை எழுதுபவரின் கருத்து.

ஸ்டோயிக்குகள் இதற்கு என்ன சொன்னார்கள்? அவர்கள் உணர்ச்சியற்றவர்களா?

சைப்ரஸ் தீவின் சிட்டியம் நகரத்துக்காரர் ஜீனோ. ஊதாச் சாயச் சரக்கோடு வந்த கப்பல் கவிழ்ந்து ஏதென்ஸ் வந்து சேர்ந்தவர், ஒரு புத்தகக் கடையில் சாக்ரடீஸைப் பற்றி ஜெனோஃபோன் எழுதிய நூலை யாரோ வாசிக்கக் கேட்டு, இப்படிப்பட்டவர்கள் எங்கே கிடைப்பார்கள் என்று விசாரித்தார் என்பது தத்துவவாதிகளின் வரலாறுகளைத் தொகுத்த டயோஜீனஸ் லாயெர்ஷியஸ் தரும் கதை. கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓவிய மண்டபத்தில் அவர் கற்பிக்கத் தொடங்கினார். மண்டபத்தைக் குறிக்கும் "ஸ்டோவா" என்ற கிரேக்கச் சொல்லே பள்ளிக்கும் பெயராயிற்று.

அவர்களுடைய விடையில் தயக்கமே இல்லை: நற்பண்பு ஒன்றே நன்மை, நல்வாழ்வுக்கு அது மட்டும் போதும். உடல்நலம், செல்வம், புகழ், ஏன், உயிர்கூட நன்மையும் அல்ல, தீமையும் அல்ல. ஆனாலும் இவற்றில் சிலவற்றைத் தேர்ந்துகொள்வது இயற்கைக்கு இசைந்தது என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். நோயைவிட உடல்நலம் விரும்பத்தக்கது, ஆயினும் நல்வாழ்வின் தராசில் அதற்கு எடை கிடையாது. இதை விளக்க சிசெரோ தரும் எடுத்துக்காட்டு வில்லாளி. குறிபார்த்து எய்வதற்குத் தன்னால் இயன்ற அனைத்தையும் செய்வதே அவனுடைய இலக்கு. விட்ட அம்பைக் காற்று திருப்பிவிட்டால், அதனால் அவனுடைய திறமை குறைந்துவிடுவதில்லை.

உணர்ச்சியற்றவர்கள் என்பது சரியன்று. அச்சம், துக்கம், வெறியாசை ஆகியவை தவறான மதிப்பீடுகளிலிருந்து எழுபவை என்று ஒதுக்கிய அவர்கள், தெளிந்த மகிழ்வு, நல்லெச்சரிக்கை, நல்விருப்பம் ஆகியவற்றை ஞானிக்கு உரியனவாக வைத்தார்கள். ஆனால் இந்தக் கொள்கைக்கு ஒரு விலை உண்டு, அதை மறைக்கவும் அவர்கள் முயலவில்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்று நிகோபோலிஸில் பள்ளி நடத்திய எபிக்டெட்டஸ், நமது தீர்ப்புகளும் விருப்பு வெறுப்புகளுமே நம் வசம் உள்ளவை, உடலும் உடைமையும் பதவியும் பெயரும் நம் வசத்தில் இல்லாதவை என்று பிரித்ததைப் பலர் அறிவார்கள். இந்தப் பிரிப்போடு தொடங்கும் அவருடைய "கையேடு" என்ற நூலின் மூன்றாம் பகுதியில், பிள்ளையை முத்தமிடும்போது "இறக்கக்கூடிய ஒரு மனிதரை முத்தமிடுகிறேன்" என்று உனக்கே சொல்லிக்கொள், அப்போது பிள்ளை இறந்தால் கலங்கமாட்டாய் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. அடிமைப்பட்டவருக்கும் நாடுகடத்தப்பட்டவருக்கும் இந்தத் தத்துவம் தந்த நிமிர்வை மதிக்காமல் இருக்க முடியாது. கலங்காத அந்தத் தந்தையை அண்டைவீட்டாராகப் பெறுவதற்கு ஆசைப்படவும் முடியாது.

எபிகூரஸ் குடித்துக் கும்மாளமடிக்கச் சொன்னவர்தானே?

அவருடைய எதிரிகள் பரப்பிய பெயர் அது. கி.மு. 341இல் சாமோஸில் பிறந்து, ஏதென்ஸில் ஒரு தோட்டத்தை வாங்கி நண்பர்களோடு வாழ்ந்த எபிகூரஸ், இன்பமே வாழ்வின் இலக்கு என்றது உண்மை. அந்த இன்பத்தின் உச்சம் உடலில் வலியின்மையும் உள்ளத்தில் கலக்கமின்மையும்தான் என்பதையும் அவரே சொன்னார். ஆசைகளை மூன்றாகப் பிரித்தார்: பசிக்கு உணவுபோல் இயல்பானவை, தேவையானவை; சுவையான பண்டம்போல் இயல்பானவை, தேவையற்றவை; சிலையும் புகழும்போல் இயல்பும் அற்றவை, தேவையும் அற்றவை. நினைத்தபோது விருந்துண்ண ஒரு சிறு சாடி பாலாடைக்கட்டி அனுப்பும்படி நண்பர் ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தின் துணுக்கு எஞ்சியிருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு வருவோருக்குக் கிடைத்தது பார்லிக் கஞ்சியும் தண்ணீரும் என்று, எதிர்முகாமான ஸ்டோயிக்குகளைச் சேர்ந்த செனெகாவே எழுதுகிறார்.

நற்பண்பு இங்கே இலக்காக இல்லை, வழியாக இருக்கிறது. விவேகமும் நேர்மையும் இல்லாமல் இன்பமாக வாழ முடியாது என்பதால் அவை வேண்டும். சாதாரணமாகப் படிப்பவருக்கு வேறுபாடு சிறிதாகத் தோன்றும். ஸ்டோயிக்குகளுக்கு அது வானுக்கும் மண்ணுக்கும் உள்ள தூரம்.

ஊழைப் பற்றிய வழக்கில் அவருடைய வாக்குமூலம், தம் கடைசி நாளில் இடோமெனியஸுக்கு எழுதிய கடிதம். சிறுநீர்க் கடுப்பும் சீதபேதியும் தரும் வலிகள் இதைவிட அதிகமாக முடியாது, ஆனால் நாம் பேசிய பேச்சுகளின் நினைவு தரும் உவகை அவற்றுக்கெதிரே அணிவகுத்து நிற்கிறது என்று எழுதிவிட்டு, இறந்துபோன நண்பர் மெட்ரோடோரஸின் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளச் சொல்கிறார். கலக்கமின்மையைப் போதித்தவர் கடைசியில் யாருடைய பிள்ளைகளுக்காகவோ கவலைப்பட்டார் என்று இதைக் குத்திக்காட்டியவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள். அந்த முரண்பாட்டுக்காகவே அவரைப் பிடித்துப்போகிறது.

டயோஜீனஸ், அரிஸ்டிப்பஸ் ஆகியோர் எங்கே வருகிறார்கள்?

இரு முனைகளில். சினோப்பே நகரத்து டயோஜீனஸ் பெரிய மண்சாடிக்குள் குடியிருந்து, ஒரு சிறுவன் கையால் நீரள்ளிக் குடிப்பதைக் கண்டு தன் குவளையையும் எறிந்தவர். தத்துவத்தால் என்ன கிடைத்தது என்று கேட்டதற்கு, எந்த ஊழுக்கும் ஆயத்தமாக இருப்பது என்றாராம். அவரைப் பற்றிய கதைகளில் பெரும்பாலானவை பல நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்டவை. சைரீனியைச் சேர்ந்த அரிஸ்டிப்பஸின் வழிவந்தவர்கள் முழு வாழ்க்கை என்ற அளவுகோலையே கைவிட்டு, கையிலிருக்கும் இன்பமே இலக்கு, நல்வாழ்வு அவற்றின் கூட்டுத்தொகை என்றார்கள்.

எல்லாம் என் நல்வாழ்வுக்காகவே என்றால், இது தன்னல அறம் அல்லவா?

கேள்வி நியாயமானது. அரிஸ்டாட்டில் ஒன்பதாம் நூலில் அதை நேராக எதிர்கொள்கிறார். பணம், பதவி, உடலின்பம் ஆகியவற்றில் பெரும்பங்கைத் தனக்கு எடுத்துக்கொள்பவனைத் தன்னலக்காரன் என்று ஏசுவது சரிதான். ஆனால் நண்பருக்காகவும் நாட்டுக்காகவும் அவற்றையெல்லாம் விட்டுக்கொடுத்து, தேவைப்பட்டால் உயிரையும் கொடுப்பவர், சிறப்பானதில் பெரும்பங்கைத் தமக்கு எடுத்துக்கொள்கிறார். அந்த வகையில் தம்மை நேசிப்பது நல்லதே. மேலும், நட்புக்கு அவர் தம் அறவியலின் பத்து நூல்களில் இரண்டை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறார். நண்பர் இன்னொரு நான் என்பதால், அவருடைய நலம் என் நலத்துக்கு வெளியே நிற்பதில்லை. இந்த விடை நண்பர்கள்வரை நன்றாக எட்டுகிறது. முகமறியாத ஒருவரிடம் எனக்கு என்ன கடமை என்று கேட்டால், உலகம் முழுவதையும் ஒரே நகரமாகக் கண்ட ஸ்டோயிக்குகளிடம்தான் போகவேண்டும்.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இந்த நல்வாழ்வில் இடம் இருந்ததா?

அரிஸ்டாட்டிலிடம் இல்லை. அடிமைக்கு நல்வாழ்வில் பங்கில்லை என்று "அரசியல்" நூலில் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். இயற்கையிலேயே அடிமையானவருக்கு ஆய்ந்து முடிவெடுக்கும் ஆற்றல் கிடையாது என்றும், பெண்ணுக்கு அது இருந்தாலும் அதிகாரமற்றது என்றும் வாதிடுகிறார். கைத்தொழிலாளிக்கு நற்பண்பைப் பயில ஓய்வில்லை என்பதும் அவர் கருத்து. அவர் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக முடியாது; ஏனென்றால் அதே நூலில், அடிமைமுறை இயற்கைக்கு மாறானது, வெறும் வன்முறை என்று சொன்னவர்கள் இருந்ததை அவரே குறிப்பிடுகிறார். நல்வாழ்வுக்கு வசதி வேண்டும் என்ற அவருடைய நேர்மையான கருத்து, வசதியை உழைத்துத் தருபவர்களைக் கணக்கிலிருந்து நீக்குவதில் போய் முடிந்திருக்கிறது.

மற்றவர்களிடம் நிலைமை வேறு. ஆணுக்கும் பெண்ணுக்கும் நற்பண்பு ஒன்றே என்றார் சாக்ரடீஸின் தோழர் ஆன்டிஸ்தினிஸ். "குடியரசு" பெண்களையும் காவலர்களாக்குகிறது. எபிகூரஸின் தோட்டத்தில் பெண்களும் அடிமைகளும் சேர்ந்தே தத்துவம் பயின்றார்கள்; தம்மோடு பயின்ற மிஸ் என்ற அடிமைக்கு அவர் உயிலில் விடுதலை எழுதிவைத்தார். கி.பி. முதல் நூற்றாண்டில், எபிக்டெட்டஸின் ஆசிரியரான மூசோனியஸ் ரூஃபஸ், பெண்களும் தத்துவம் படிக்க வேண்டும் என்று தனி உரையே ஆற்றியிருக்கிறார்.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

"கோர்கியாஸ்" நாடகம்போல் ஓடும். அதிலிருந்து தொடங்குபவர்கள் பாதியில் நிறுத்துவதில்லை. எபிகூரஸ் மெனோசியஸுக்கு எழுதிய கடிதம் ஒரே அமர்வில் முடிந்துவிடும். அரிஸ்டாட்டிலை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தேவையில்லை: முதல் இரண்டு நூல்களைப் படித்துவிட்டு, நேராக எட்டுக்கும் ஒன்பதுக்கும் போய், நீதியைப் பற்றிய கடினமான ஐந்தாம் நூலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பத்தாம் நூலை எட்டும்போது ஒரு தடுமாற்றம் வரும். நண்பர்களும் நகரமும் வேண்டும் என்று அதுவரை வாதிட்டவர், அங்கே எவரையும் அதிகம் சார்ந்திராத சிந்தனை வாழ்வே ஆகச் சிறந்தது என்கிறார். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில் உரையாசிரியர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஆகவே உரைகளைத் தேடிப்போவதற்கு முன் அந்த அதிகாரங்களைத் தாமே இருமுறை படித்துக்கொள்வது நல்லது.